வீட்டுக்கு வந்து துணி துவைக்கும் அம்மாவுக்கு என்ன கூலி நியாயம்? குமரி மாவட்ட நிலவரத்தோடு ஒரு பதில்

வேலை மாற்றலில் நாகர்கோவிலுக்குக் குடிவந்த ஒருவர் கேட்கும் கேள்வி இது: "வாரத்தில் இரண்டு நாள் ஓர் அம்மா வந்து துணி துவைத்துக் கொடுக்கிறார். அவருடைய மாமியாரும் இதே தெருவுக்குத் துவைத்தவர் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். வாஷிங் மெஷின் வந்த பிறகும் இந்தத் தொழில் எப்படி நிற்கிறது? என்ன கூலி கொடுத்தால் நியாயம்? அரசாங்கத்தில் அவருக்கு ஏதாவது கிடைக்குமா?"

மூன்றுக்கும் வேர் ஒன்று என்பதால் சேர்த்தே சொல்கிறேன். சலவைத் தொழிலில் துவைப்பது பெண்கள் தலையில் விழுந்தது, தேய்ப்பது ஆண்கள் பெயரில் கடையாக நின்றது. தேய்ப்புக்கு ஊரறிந்த விலை ஒன்று உண்டு. துவைப்புக்கு இன்றுவரை அப்படி ஒரு விலை வரவில்லை. கூலியிலும் சரி, அரசின் தொழிலாளர் நல வாரிய அட்டையிலும் சரி, இந்தப் பெண்கள் பின்தங்கி நிற்பதற்கு மெஷினைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் முடிவு.

பழைய ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் நெல் விளைந்த பூமி. கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். வண்ணார் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன வீடுகள் என்று கணக்கு இருக்கும். மாதச் சம்பளம் கிடையாது, அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல் அளப்பார்கள். அந்தி நேரத்தில் வீடு வீடாகச் சோறு கிடைக்கும். கல்யாணம், சடங்கு, இழவு என்றால் துணி, தேங்காய், அரிசி, கொஞ்சம் பணம். களத்துக்குப் போய் நெல் வாங்கியது ஆண். அழுக்கு மூட்டை எடுக்கவும் வெளுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் ராத்திரிச் சோறு வாங்கவும் போனது பெண். வருடத்தில் இரண்டு முறை வந்த பெரிய கூலி ஆண் கையில் சேர்ந்தது. தினமும் பாத்திரத்தில் விழுந்த சோறு பெண்ணுக்கு. அந்தச் சோற்றை யாரும் கூலி என்று எண்ணவில்லை, கொடுத்தவர்கள் தர்மம் என்றே நினைத்தார்கள். இந்த நினைப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பழைய சேலையும் மிஞ்சிய பலகாரமும் கொடுத்துவிட்டு, "நாங்க என்ன குறை வச்சோம்?" என்று கேட்கிற வீடுகள் இப்போதும் இருக்கின்றன.

மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் ஊர் அமைப்பே வேறு. வீடுகள் தள்ளித் தள்ளி, ஒவ்வொன்றும் தன் விளைக்குள் (தோட்டத்துக்குள்), தன் கிணற்றோடு இருக்கும். கிணற்றடியில் துணி துவைக்கும் அலக்கு கல் கிடக்கும். அதனால் பெண் வீட்டுக்கே வந்து துவைத்துவிட்டுப் போவது அங்கே எளிதாக அமைந்தது. கிழக்கே மூட்டை கட்டிக் குளத்துக்கும் கால்வாய்க்கும் பழையாற்றுக்கும் கொண்டுபோனார்கள். இப்போது நாகர்கோவிலிலும் வீட்டுக்கு வந்து துவைக்கும் முறைதான் மிஞ்சியிருக்கிறது. குழாய்த் தண்ணீரும் போர்வெல்லும் வந்தது ஒரு காரணம், பழையாற்றிலும் பல குளங்களிலும் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்தது இன்னொரு காரணம். வெள்ளைத் துணியை நம்பி இறக்க முடியாத தண்ணீரில் யார் துவைப்பார்கள்?

தீட்டு பற்றியும் சொல்ல வேண்டும், வலிக்கிற சங்கதி என்றாலும். பிள்ளை பெற்ற வீட்டிலும், பெண் பெரியவளான வீட்டிலும், இழவு வீட்டிலும் வண்ணாத்தி கொண்டுவரும் வெளுத்த துணியை உடுத்தினால்தான் தீட்டு கழியும் என்பது இந்த மாவட்டம் முன்பு சேர்ந்திருந்த திருவிதாங்கூர் நாட்டு வழக்கமாக இருந்தது. அந்தத் துணியை மாற்று என்பார்கள், பேச்சில் மாத்து. அவள் துணி வராமல் வீடு சுத்தமாகாது. ஆனால் அவள் அந்த வீட்டுத் திண்ணையைத் தாண்ட முடியாது. தீட்டுத் துணியையும் பேறுகாலத் துணியையும் ஆண்கள் தொடமாட்டார்கள், அது முழுக்கப் பெண்ணின் பாடு. சில ஊர்களில் பிரசவம் பார்த்ததும் இவர்கள்தான். சாவு வீட்டில் பந்தலுக்கு வெள்ளை கட்டுவதும் நடையில் மாத்து விரிப்பதும் நாலு பேர் பார்க்க ஆண் செய்கிற வேலை, அதற்குத் தனிப் பணம் உண்டு. கொல்லைப்புறத்தில் பெண் செய்ததற்குத் தனிப் பணம் இல்லை, வருடக் கணக்கில் அடங்கிவிடும்.

அந்தக் கணக்குக்குள் எவ்வளவு உழைப்பு இருந்தது என்பதற்கு, ஆவியில் துணி வெளுக்கும் வெள்ளாவி ஒன்று போதும். முதலில் தரம் பிரிக்க வேண்டும்: வெள்ளை, சாயம் போகாதது, சாயம் போவது. எந்த வீட்டுத் துணி என்று தெரிய சேங்கொட்டை மையால் குறி போடுவார்கள், அந்தக் கறுப்பு எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. அப்புறம் துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கிப் பிழிந்து, அடுப்பில் ஏற்றிய பானையின் வாய்க்கு மேல் சுற்றிச் சுற்றி அடுக்குவார்கள். கனத்த அழுக்குத் துணி கீழே, மெல்லிசானது மேலே. மூடிக் கட்டிவிட்டு, தென்னையின் கொதும்பும் மட்டையும் ஓலையும் எரித்து ராத்திரி முழுக்க ஆவி ஏற்றுவார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடா உப்பு. சூட்டில் அது எண்ணெய்ப் பிசுக்கைத் தானே சோப்பாக மாற்றிக் கழற்றிவிடும். விடிந்ததும் சூட்டோடு தண்ணீருக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலசி, நீலம் முக்கி, வேண்டியதற்குக் கஞ்சி போட்டு, வெயிலில் விரிக்க வேண்டும். ஈரத்துணியில் விழும் வெயிலும் வெளுக்கும் என்பதால் நடுவில் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காயவைப்பதும் உண்டு. அடுக்கியதில் ஒரு சாயத்துணி தப்பிப் போய் உள்ளே இருந்தால் மொத்த அடுக்கும் பாழ். தீ கூடினால் அடித்துணி கருகும். ராத்திரி விழித்திருந்து தீ பார்த்தவளின் தூக்கம் எந்தக் களத்து நெல்லிலும் அளக்கப்படவில்லை.

பிறகு வயல்கள் குறைந்தன. நெல் போய்த் தென்னையும் வாழையும் வீட்டு மனையும் வந்தன, களத்து நெல்லும் நின்றது. ஆண்களில் பலர் தேய்ப்புக்கு மாறினார்கள். சிரட்டைக் கரி போட்ட பெட்டி, ஒரு மேசை அல்லது தள்ளுவண்டி, தெருமுனையில் ஓர் இடம். சட்டைக்கு இவ்வளவு, சேலைக்கு இவ்வளவு என்று யார் கேட்டாலும் ஒரே விலை. அந்தக் கடையிலும் பாதி நேரம் மனைவிதான் நிற்பார், ஆனால் கடை கணவன் பேரில்தான் அறியப்படும். அவர் காலையில் நாலு வீடு துவைத்துவிட்டு வந்து நிற்பதை யாரும் தொழிலாக எண்ணுவதில்லை.

சரி, மெஷின் எல்லா வீட்டிலும் இருக்கும்போது ஏன் இன்னும் ஆள் தேவைப்படுகிறது? பிள்ளைகள் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்க, வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். மெஷின் இருந்தாலும் அவர்களால் ஈரப் போர்வையைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோக முடியாது. பருத்தி விரிப்பு கையால் பிழிந்த பிறகும் கிட்டத்தட்ட தன் எடைக்குத் தண்ணீரைச் சுமக்கும். படுக்கையில் கிடக்கும் நோயாளி இருந்தால் தினமும் துணி. கன்னியாகுமரி ஊரில் லாட்ஜ் விரிப்புகள் வேறு. மெஷினால் முடியாத, மெஷினில் போட மனம் வராத துணியெல்லாம் இந்தப் பெண்களிடம் வருகிறது. முன்பு லேசானதும் கனமானதும் கலந்து வந்தது. இப்போது லேசானதை மெஷின் எடுத்துக்கொண்டு கனத்தையும் கறையையும் இவர்களுக்கு விட்டிருக்கிறது. "துணி குறைஞ்சிடுச்சே, கூலியும் குறைக்கலாமே" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கறை என்றேனே, இந்த மண்ணின் கறைகள் லேசுப்பட்டவை அல்ல. காய்ந்த ரப்பர் பால் சோப்புக்கு அசையாது. வாழைக்கறை பட்ட துணியைத் தெரியாமல் சோடாவில் போட்டால் இன்னும் கறுக்கும். முந்திரி ஆலைக்குப் போகிறவர்கள் துணியில் தோட்டு எண்ணெய் ஊறியிருக்கும், துவைப்பவரின் தோலையும் அது பொத்துவிடும். எந்தக் கறைக்கு முதலில் எது, எதைத் தண்ணீரில் முக்குவதற்கு முன்பே தனியாக எடுக்க வேண்டும் என்பது கையில் ஏறிய படிப்பு. உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் மூட்டைக்குள் திணிக்காமல் தனியாகக் காட்டிக் கொடுங்கள்.

இனி கூலி. ஒரு வாளிக்கு இவ்வளவு, ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசுவதுதான் இங்கே வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஜூன், ஜூலையில் மழை, அப்புறம் அக்டோபர், நவம்பரில் மறுபடியும் மழை. நடைக்குக் கூலி என்றால் மழை நாளெல்லாம் அவருக்குப் பட்டினி நாள். அவர் வராவிட்டாலும் துணி அழுக்காகாமல் இருக்கப்போவதில்லை, வெயில் அடித்ததும் இரண்டு மடங்காக அவரிடமே வரும். லாட்ஜ் வேலை செய்கிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். கார்த்திகை முதல் தேதி சபரிமலை சீசன் தொடங்கிவிடும், கன்னியாகுமரியில் கூட்டம் நிரம்பும், விரிப்புகள் குவியும், வடகிழக்குப் பருவமழையும் அதே நேரத்தில் பெய்துகொண்டிருக்கும். வேலை அதிகமாக இருக்கும் மாதத்தில் வெயில் இல்லை. எனவே மாதச் சம்பளமாகப் பேசுங்கள், மழைக்குக் கழிக்காதீர்கள்.

எவ்வளவு என்று கேட்டால், அடிமட்டத்துக்கு ஓர் அளவு சொல்கிறேன். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 2024-25இல் 319 ரூபாய், 2025-26இல் 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு நாற்பதை ஒட்டி வரும். அதற்குக் கீழே போவது எந்த வகையிலும் அநியாயம். ஆனால் அந்தத் தொகைக்கு குமரியில் கட்டட வேலைக்கோ தோட்ட வேலைக்கோ ஆள் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். குனிந்து நிமிர்ந்து ஈரம் சுமக்கும் வேலைக்கு அதைப்போல இரண்டு மடங்கில் பேச்சைத் தொடங்குவது நியாயம் என்பேன். ஊறவைத்த நேரம், காயப்போட்டது, எடுத்து மடித்தது, உங்கள் வீட்டுக்கு நடந்து வந்தது எல்லாம் மணிக்கணக்கில் சேர வேண்டும். சோப்பும் நீலமும் உங்கள் பொறுப்பு. விரிப்பு, போர்வை, திரைச்சீலைக்குத் தனியாகக் கொடுங்கள். மாதத்தில் இரண்டு நாளாவது சம்பளத்தோடு லீவு, பண்டிகைக்கு ஒரு மாதச் சம்பளம். இது தீபாவளியோ கிறிஸ்துமஸோ ஓணமோ, அவர் கொண்டாடுவது எதுவோ அதற்கு முன்னால் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பழைய சேலை கொடுக்க ஆசைப்பட்டால் கொடுங்கள், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உடம்புப் பாட்டில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிளீச்சிங் பவுடரையும் குளியலறை கழுவும் ஆசிட்டையும் ஒரே இடத்தில் கலக்கவே கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைச் சுடும். விரிப்புக் கறையை எடுக்க பிளீச்சிங் போட்டு, அதே தரையை ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்லும் இடங்கள் உண்டு, அங்கே வேலை செய்கிறவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும் காரம் தின்ற உள்ளங்கையும் இந்தத் தொழிலின் நிரந்தர நோய்கள். ரப்பர் கையுறை ஒரு ஜோடி பெரிய செலவல்ல. துவைகல் தாழ்வாக இருந்தால் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டிக் கொடுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், சிமெண்டும் நாலு செங்கலும்தான்.

அரசாங்க விஷயத்தில் இந்த மாவட்டத்துக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் வண்ணார் சமூகம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் பட்டியல் சாதி. இந்த இரண்டு பகுதிகளும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவை, அங்கிருந்த பட்டியல் அப்படியே தொடர்ந்தது. புதிரை வண்ணார் கதை வேறு, அவர்கள் மாநிலம் முழுக்கப் பட்டியல் சாதிதான்.

இதனால் என்ன ஆகிறது? குமரியில் பிறந்த பெண்ணுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ். திருநெல்வேலியிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த பெண்ணுக்குப் பிறந்த ஊர்க் கணக்கில் எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ், கல்யாணத்தால் சாதி நிலை மாறுவதில்லை. ஒரே கல்லில் துவைக்கிற மாமியாரும் மருமகளும் வெவ்வேறு பட்டியலில் இருப்பார்கள். தொழில் கடனுக்கு ஒருவர் பட்டியல் சாதியினருக்கான அரசுக் கழகமான தாட்கோவுக்குப் போக வேண்டும், இன்னொருவர் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை பக்கம் போக வேண்டும். தேய்ப்புப் பெட்டி உதவி கேட்டு எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதே பலருக்குக் குழப்பம். சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு அலைந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

நல வாரியத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அங்கே தொழில்தான் கணக்கு. தமிழ்நாடு சலவைத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 வயது முதல் 60 வயதுக்குள் பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. பிள்ளைகள் படிப்புக்கு உதவி, திருமண உதவி, மகப்பேறு உதவி, விபத்து, மரண உதவி, 60 வயதுக்குப் பிறகு மாத ஓய்வூதியம் எல்லாம் அதில் வருகின்றன. நலவாரிய விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கும் பழக்கத்தில் நான் திரும்பத் திரும்பக் காண்பது, கணவர் பதிவு செய்திருப்பார், மனைவி செய்திருக்கமாட்டார். "அவரு கார்டு இருக்குல்லா, எனக்கு எதுக்கு?" என்பார்கள். அவர் அட்டை அவருக்கு. மகப்பேறு உதவியும் தன் வயோதிகத்துக்கான ஓய்வூதியமும் பெண் தன் பெயரில் பதிவு செய்தால்தான் கிடைக்கும். 60 தாண்டிவிட்டால் புதிதாகச் சேர முடியாது. அதனால் ஐம்பதைக் கடந்தவர்களைத்தான் நான் முதலில் விரட்டுவேன்.

இன்னொரு குழப்பம், 2021இல் வந்த இ-ஷ்ரம் அட்டை. அது மத்திய அரசின் பதிவு. அதை வைத்திருப்பதால் மாநில நல வாரியத்தில் உறுப்பினர் ஆகிவிடமாட்டார்கள், இரண்டும் தனித்தனி. உங்கள் வீட்டுக்கு வருபவர் சலவைத் தொழில் குடும்பத்தைச் சேராமல், வீட்டு வேலையின் ஒரு பகுதியாகத் துவைப்பவராக இருந்தால் வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் இருக்கிறது, அதில் சேரலாம்.

நடைமுறைக்கு இதுதான்: அடுத்த முறை அவர் வரும்போது அவர் பெயரில் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்குப் புத்தகம், வயதுக்கு ஒரு சான்று, போட்டோ எடுத்துக்கொண்டு இணையத்தில் பதிவு செய்ய உதவுங்கள். சிக்கல் வந்தால் நாகர்கோவிலில் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேட்கலாம். ஆதாருடன் இணைந்த கைபேசி எண் மகனிடமோ கணவரிடமோ இருக்கும், ஓடிபி அங்கே போகும். அந்த எண்ணை அவர் கைபேசிக்கு மாற்றிய பிறகு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். பாஸ்புக்கும் அவர் தனிப் பெயரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.